குதிரை மினுங்க வேண்டுமா? தீனித் தொட்டியில் ஆரம்பியுங்கள்

புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "இதுக்கு என்ன தேய்ச்சா பளபளன்னு வரும்?" என்பதைத்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, தலைக்குப் போடுகிற கண்டிஷனர், ஏதோ ஒரு ஸ்ப்ரே என்று ஆளுக்கு ஒரு பதிலும் உடனே கிடைத்துவிடும். எதையும் தேய்க்காதீர்கள், இப்போதைக்கு. எண்ணெய் தடவினால் அன்று சாயங்காலம் வரைக்கும் மினுங்கும், மறுநாள் காலையில் லாயத்துத் தூசி முழுக்க அதன்மேல் அப்பிக்கொண்டு நிற்கும், அதைக் கழுவ சோப்பு போடுவீர்கள், சோப்பு இருக்கிற இயற்கை எண்ணெயையும் எடுத்துக்கொண்டு போய்விடும், பழையபடி எண்ணெய் பாட்டிலைத் தேடுவீர்கள்.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு ரோமத்தின் மேலும் மீன் செதிள் மாதிரி மெல்லிய அடுக்கு இருக்கிறது. அந்தச் செதிள்கள் படிந்து கிடந்தால் வெளிச்சம் நேராகத் திரும்பி வரும், பார்க்க மினுங்கும். செதிள் தூக்கிக்கொண்டும் உடைந்தும் கிடந்தால் வெளிச்சம் சிதறிப்போய் ரோமம் மங்கலாகத் தெரியும். இதற்கு மேல், ரோமத்தின் வேருக்குப் பக்கத்திலுள்ள சுரப்பியிலிருந்து எண்ணெய்ப்பசை கசிந்து ரோமத்தின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ரோமம் ஏறக்குறைய முழுக்கவே புரதம், அதனால் அது நல்லபடியாக வளரப் புரதமும் தாமிரம், துத்தநாகம் போன்ற தாதுக்களும் வேண்டும். எண்ணெய்ப்பசைக்குக் கொழுப்புச் சத்து வேண்டும். அந்தப் பசை ரோமத்தின் நுனி வரைக்கும் போய்ச்சேர உங்கள் கை வேண்டும். ஆகவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் உடம்பில் நோய் இல்லை என்று பார்த்துக்கொள்வது, அடுத்து தீனி, அப்புறம் தண்ணீரும் உப்பும், அதற்குப் பிறகு தேய்ப்பது, கடைசியில்தான் குளியல். வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, பொறுமை வேண்டும். இன்றைக்குத் தீனியை மாற்றினால் ரோமத்தில் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இருக்கிற ரோமம் செத்த பொருள், அதைச் சரிசெய்ய முடியாது. புதிதாக முளைத்து வருவதைத்தான் நல்லதாக வளர்க்க முடியும்.

முதலில் கையால் தடவிப் பாருங்கள்

குதிரையை நல்ல வெளிச்சத்தில் கட்டிவிட்டு, கழுத்திலிருந்து பின்னங்கால் வரைக்கும் கையால் தடவிக்கொண்டே போங்கள். விரல் நுனியை ரோமத்துக்கு எதிர்த்திசையில் தோலோடு தோலாக ஓட்டி எடுத்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருந்தால் அது செத்த தோலும் தூசியும் பழைய வியர்வையும் சேர்ந்தது, தேய்ப்பு போதவில்லை என்று அர்த்தம். விலாவின்மேல் தோலை இரண்டு விரலால் லேசாக நகர்த்திப் பாருங்கள். ஆரோக்கியமான குதிரைக்குத் தோல் தளர்வாக நழுவும், நோஞ்சானுக்கு எலும்போடு ஒட்டிக்கொண்டு இறுக்கமாக இருக்கும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் தொட்டால் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அந்த நிலைதான் சரியான உடம்பு.

ரோமம் குத்திட்டு நிற்கிறதா, வயிறு மட்டும் தொங்கி முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருக்கிறதா, அப்படியானால் குடற்புழு மேல்தான் முதல் சந்தேகம். இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று, மருந்துக்கடையில் போய் மாட்டுக்குக் கொடுக்கிற புழு மருந்தை வாங்கிக் குத்துமதிப்பாக வாயில் ஊற்றுவது. வேண்டாம். புது லத்தியில் ஒரு உருண்டையைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் போட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1903லிருந்து இயங்கும் கல்லூரி அது, குதிரை பார்த்துப் பழகிய டாக்டர்கள் அங்கே உண்டு. எந்த மருந்து, எவ்வளவு என்பது புழுவின் வகையையும் குதிரையின் எடையையும் பொறுத்தது. குறைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் எதற்கும் சாகாது.

எடைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள்பட்டையின் முன்முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரை நீளம் ஒரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 170 என்றால் சுமார் 390 கிலோ. வளர்ந்த குதிரைக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு, குட்டிக்குச் சரிவராது.

பல்லையும் மறக்காதீர்கள். வாயிலிருந்து மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுந்தாலோ, லத்தியில் முழுக் கொள்ளு அப்படியே வந்தாலோ கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்துகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்து ராவிவிட வேண்டும். பல்லைக் கவனிக்காமல் சத்து மாவு வாங்கிக் கொட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தீனி

இதுதான் பெரிய அத்தியாயம், இங்கேதான் காசும் வீணாகிறது.

குதிரையின் வயிறு புல்லுக்காக ஆனது. எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்ந்த கணக்கில் தினமும் நார்த்தீவனம் போக வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாக மட்டும் கொடுத்தால் 30 கிலோவுக்குக் குறையாமல் போட வேண்டிவரும். காலையில் ஒரு கட்டு, ராத்திரி ஒரு கட்டு என்று வீசிவிட்டுப் போகிறவர்களின் குதிரை பாதி நாள் வெறும் வயிற்றோடு நிற்கிறது. வயிறு காலியாக இருந்தால் அல்சர் வரும், அல்சர் வந்தால் தீனி ஒட்டாது, ரோமம் மங்கும்.

எந்தப் புல்? அருகம்புல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கிற குதிரைமசால் அருமையான தீவனம், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய, கொங்குப் பக்கம் தண்ணீர் வசதியுள்ள தோட்டங்களில் எளிதாகக் கிடைக்கிறது. அறுத்ததைச் சற்றுநேரம் பரப்பி வாட விட்டுக் கொடுங்கள். குவித்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும், புளித்ததைத் தின்றால் வயிற்றுவலி. முழுக்க மசால் மட்டும் போட வேண்டாம், மொத்த நார்த்தீவனத்தில் கால் பங்கு போதும்.

வைக்கோல்தான் பிரச்சினை. நெல் வைக்கோலில் புரதம் நான்கு சதவீத அளவில்தான் இருக்கும், மணல்சத்து அதிகம், செரிப்பது கஷ்டம். மாடு அசைபோட்டு ஏதோ சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. வைக்கோலிலேயே வளர்ந்த குதிரையை வாங்கி வந்திருந்தால் அதன் ரோமம் ஏன் தேங்காய் நார் மாதிரி இருக்கிறது என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. பச்சைச் சோளப் பயிரையும் தவிருங்கள், இளம் பயிரில் விஷம் உண்டு, தொடர்ந்து கொடுத்தால் சிறுநீர்ப் பையும் பின்னங்கால்களும் பாதிக்கப்படும்.

கம்பு நேப்பியர், கோ-4 போன்ற ஒட்டுப்புல் பால் மாட்டுக்காக வந்தவை. அவற்றில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், அது புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குக் கிடைக்காமல் கட்டிப்போட்டுவிடும். இதோடு கோதுமைத் தவிட்டையும் அள்ளிக் கொட்டுகிறவர்கள் உண்டு. தவிட்டில் சுண்ணாம்பை விடப் பாஸ்பரஸ் ஏறக்குறைய பத்து மடங்கு இருக்கிறது, குதிரைக்கு வேண்டியதோ நேர்மாறாகச் சுண்ணாம்பு கூடுதலாக. இரண்டும் சேர்ந்தால் உடம்பு சுண்ணாம்புக்காக எலும்பையே கரைக்க ஆரம்பிக்கும், முகத்து எலும்பு வீங்கும், நொண்டும். அந்த நிலைக்குப் போவதற்கு முன்பே உடம்பு வாடும். ஒட்டுப்புல்லை விட்டால் வேறு வழியில்லை என்கிறவர்கள் குதிரைமசால் கலந்து கொடுங்கள், தவிட்டைக் கைப்பிடி அளவுக்குக் குறையுங்கள்.

சரி, கொள்ளு. கொள்ளுக்கும் குதிரைக்கும் உள்ள உறவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புரதம் இருபது சதவீதத்துக்கு மேல், ரோமத்துக்கு நல்லது. பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள சில பொருள்கள் புரதம் செரிப்பதைத் தடுக்கும், அதனால்தான் அந்தக் காலத்திலிருந்தே வேகவைத்துக் கொடுக்கிறார்கள். விரலால் நசுக்கினால் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் மிச்சம் வைத்தால் புளித்துவிடும். லேசான வேலை செய்யும் 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த கொள்ளு ஒரு கிலோ, அதோடு ஓட்ஸ் ஒரு கிலோ என்று ஆரம்பிக்கலாம், வேலைக்கும் உடம்புக்கும் தக்கபடி கூட்டிக்குறைக்கலாம். தானியம் எதுவானாலும் ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்ட வேண்டாம், பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தீனியை மாற்றுவதாக இருந்தால் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திடீர் மாற்றம் கோலிக் என்கிற கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும், கோலிக் குதிரையைக் கொன்றுவிடும்.

சோறு போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து காசைக் கொட்டி இறக்கிய குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டதையும் அவை நிலைக்காமல் செத்துப்போனதையும் பதிவு செய்திருக்கிறார். எழுநூறு வருடம் ஆகிறது, இனியாவது விட்டுவிடலாம்.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது: கோழித் தீவனமும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மாட்டுத் தீவனமும். மோனென்சின் என்கிற மருந்தைக் கோழிக்கும் மாட்டுக்கும் தீவனத்தில் கலப்பது உண்டு. அவற்றுக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவே குதிரையின் இதயத்தைப் பாதித்துச் சாகடிக்கும், மாற்று மருந்து கிடையாது. பூசணம் பிடித்த மக்காச்சோளமும் அப்படியே, அது மூளையைப் பாதிக்கும். மூட்டையைப் பிரித்ததும் பூசண வாடை அடித்தால், காசு போனாலும் பரவாயில்லை என்று குப்பையில் கொட்டுங்கள், காயவைத்துப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இப்போது நீங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு வருவோம். மினுமினுப்புக்கு எண்ணெய் உதவுமா என்றால், உதவும், ஆனால் வாய் வழியாக. எனக்குப் பிடித்தது ஆளி விதை. நல்ல கொழுப்பு நிறைய உள்ளது, விலையும் கட்டுப்படியாகும். தினம் 100 கிராம் போதும். அன்றன்றைக்கு மிக்ஸியில் அரைத்து, ஊறவைக்காமல், அப்படியே தீனியில் தூவிக் கலந்து கொடுங்கள். முழு விதையாகக் கொடுத்தால் பெரும்பாலும் லத்தியில் அப்படியே வெளியே வந்துவிடும். விதை கிடைக்காவிட்டால் சமையல் எண்ணெய் ஏதாவது, 15 மில்லியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் 60 மில்லி வரைக்கும் போகலாம். லத்தி இளகினாலோ பிசுபிசுவென்று ஆனாலோ குறைத்துவிடுங்கள். ஏற்கனவே கொழுத்த குதிரைக்கு இது வேண்டாம். அரிசித் தவிட்டிலும் எண்ணெய்ச் சத்து உண்டு, ஆனால் அரைத்த சில நாளிலேயே காறல் எடுத்துவிடும், பாஸ்பரஸ் கணக்கு இதற்கும் பொருந்தும், நான் சிபாரிசு செய்வதில்லை.

தாது உப்புக் கலவை குதிரைக்கென்று தயாரித்ததாக ஒன்று கொடுங்கள், ஒன்றே ஒன்று. கறுப்புக் குதிரையின் ரோம நுனி செம்பட்டையாகிறது என்றால் வெயிலும் வியர்வையும் காரணமாக இருக்கலாம், தாமிரமும் துத்தநாகமும் குறைவாக இருக்கலாம். இதைக் கேள்விப்பட்டதும் மூன்று டப்பா வாங்கி மூன்றையும் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றிலுள்ள செலீனியம் என்கிற தாது கூடிப்போனால் பிடரி மயிரும் வாலும் உதிர்ந்துவிடும், பளபளப்புக்கு ஆசைப்பட்டு மொட்டைப் பிடரியோடு நிற்க வேண்டியதாகிவிடும்.

தண்ணீரும் உப்பும்

ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர், சித்திரை வைகாசியில் அதற்கு மேலும். எந்நேரமும் எதிரில் இருக்க வேண்டும். தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், பாசி பிடித்த தண்ணீரைக் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், மாடு மாதிரி சகித்துக்கொள்ளாது. குதிரை வியர்வையில் உப்பு ஏராளமாகப் போகிறது, ஓடி வந்த குதிரையின் மார்பில் காய்ந்ததும் வெள்ளையாகப் படிவது அதுதான். சாதாரணச் சமையல் உப்பு தினம் 30-40 கிராம் தீனியில் கலந்துவிடுங்கள், நன்றாக வியர்த்த நாளில் இரட்டிப்பு.

தேய்ப்பது

வாங்க வேண்டியவை அதிகமில்லை. கைக்கு அடங்குகிற ரப்பர் சீப்பு, கொஞ்சம் முரட்டு முடியுள்ள பிரஷ், மெத்தென்ற பிரஷ், பிரஷைச் சுத்தம் செய்ய ஒரு இரும்புச் சீப்பு, குளம்பு நோண்டும் கொக்கி, பழைய பருத்தித் துணி. காய்ந்த சேற்றைத் தட்டிவிட நம் ஊர்த் தேங்காய் நார் பிரஷே போதும். இரும்புச் சீப்பை நேராகக் குதிரை உடம்பில் இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், தோல் கீறும், அது பிரஷுக்கு மட்டும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி செட். படர்தாமரை ஒரு குதிரையிலிருந்து லாயம் முழுக்கப் பரவுவது பிரஷ் வழியாகத்தான், உங்கள் கைக்கும் வந்து சேரும்.

இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போட்டுக் கட்டுங்கள். நேர் பின்னால் நிற்காதீர்கள். அந்தப் பக்கம் போவதாக இருந்தால் ஒரு கையைப் புட்டத்தின்மேல் வைத்துப் பேசிக்கொண்டே உடம்போடு ஒட்டி நடங்கள். முதலில் குளம்பு, குதிகாலிலிருந்து முனை நோக்கி அழுக்கை எடுத்துவிடுங்கள்.

பிறகு ரப்பர் சீப்பு. கழுத்தின் மேலிருந்து ஆரம்பித்து, சின்னச் சின்ன வட்டமாக, தோள்பட்டை எடையைக் கொஞ்சம் கொடுத்து அழுத்தித் தேயுங்கள். தடவிக்கொடுப்பது போதாது, உங்களுக்கு மூச்சு வாங்க வேண்டும். செத்த தோலும் உதிர்ந்த ரோமமும் தூசியும் மேலே எழும்பி வரும். நான்கைந்து வட்டத்துக்கு ஒருமுறை சீப்பைத் தரையில் தட்டினால் சாம்பல் நிறத்தில் வளையம் வளையமாகக் கோடு விழும். முதல் நாளில் அந்தக் கோடு தடிமனாக இருக்கும், ரெண்டு வாரம் விடாமல் செய்தால் மெலிந்துகொண்டே வரும். பழைய குதிரைக்காரர்கள் வேலையை அளப்பதே அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், குதிரையைப் பார்த்து அல்ல. முகம், முழங்காலுக்குக் கீழே, இடுப்பெலும்பு முனை போன்ற எலும்பு தெரிகிற இடங்களில் ரப்பர் சீப்பு வேண்டாம். அடிவயிற்றில் மெதுவாக, காது பின்னால் படுக்கிறதா என்று கவனித்துக்கொண்டே.

அடுத்து முரட்டு பிரஷ். ரோமம் படிந்திருக்கும் திசையில் சின்ன இழுப்பு, இழுப்பின் கடைசியில் மணிக்கட்டைச் சுண்டி தூசியை வெளியே எறிவது. சுண்டாமல் இழுத்தால் தூசி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குடிபெயரும், அவ்வளவுதான்.

மினுமினுப்பைக் கொண்டுவருவது மெத்தென்ற பிரஷ்தான். குதிரையிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, கையை நீட்டி, உடம்பின் எடையைச் சாய்த்து, நீளமாக இழுங்கள். கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து விலா, விலாவிலிருந்து புட்டம். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை பிரஷை இரும்புச் சீப்பில் உரசிச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த இழுப்பு. இந்த இழுப்புதான் வேரிலுள்ள எண்ணெய்ப்பசையை நுனிக்குக் கொண்டுபோகிறது. இடப்பக்கத்துக்கு இடக்கை, வலப்பக்கத்துக்கு வலக்கை என்று மாற்றினால் கழுத்து வலி வராது. கடைசியாகப் பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. கண், மூக்கு, வாலடி மூன்றுக்கும் தனித்தனி ஈரத்துணி.

கையில் தெம்பு இருந்தால் வைக்கோற்பிரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தின்னக் கொடுக்க வேண்டாம் என்றேனே, அந்த வைக்கோலுக்கு இங்கே வேலை இருக்கிறது. லேசாக ஈரப்படுத்தி முறுக்கி, உள்ளங்கை அளவுக்கு இறுக்கமாகச் சுருட்டிக்கட்டி, கழுத்து, தோள், புட்டம் மூன்று சதைப்பற்றான இடங்களில் மட்டும் ஒரே தாளத்தில் தட்டி இழுப்பது. குதிரைப் படைகளில் அன்றாடம் நடந்த வேலை இது. ரத்த ஓட்டம் கூடும், சதை இறுகும். முதுகின் நடுவிலும் விலாவுக்குப் பின்னாலும் தட்டக்கூடாது.

மொத்தம் அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம். தினமும். உடற்பயிற்சி முடிந்து உடம்பு சூடாறிய பிறகு செய்தால் தோல் இளகியிருக்கும், அழுக்கு சுலபமாக வரும். பிடரிக்கும் வாலுக்கும் சீப்பைக் கொண்டுபோகாதீர்கள், விரலால் சிக்கெடுங்கள். வால் மயிர் ஒன்று இடுப்பிலிருந்து தரை வரை வளர வருடக்கணக்கில் ஆகிறது, சீப்பு ஒரே இழுப்பில் பத்தைப் பிடுங்கிவிடும்.

குளியல்

வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் வியர்வையைக் கழுவுவது எத்தனை நாளும் செய்யலாம், நம் ஊர் வெயிலுக்கு அவசியமும் கூட. தண்ணீரை வழித்துவிட வழிப்பான் இல்லையென்றால் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து ஓரத்தை மழுக்கிக்கொள்ளுங்கள், அதே வேலையைச் செய்யும். வழித்துவிட்டு மறுபடியும் ஊற்றுவது, மறுபடியும் வழிப்பது என்று செய்தால் சூடு சீக்கிரம் இறங்கும்.

ஷாம்பு வேறு விஷயம். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். துணி சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டும் கூடவே கூடாது. குதிரைக்கென்று உள்ள ஷாம்புவை வாளித் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, நுரை போன பிறகும் இன்னும் ரெண்டு வாளி ஊற்றுங்கள். மினுமினுப்பைக் கெடுப்பது ஷாம்பு போட்டதைவிட ஷாம்பு மிச்சமிருப்பதுதான், அரிப்பும் அதனால்தான். காற்றோட்டமான நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு லாயத்தில் விடுங்கள்.

வெயில், மழை, உண்ணி

உச்சி வெயில் ரோமத்தின் நிறத்தை வெளுக்கவைக்கும். காலை பத்து மணியிலிருந்து நான்கு வரைக்கும் நிழல். நுக்ரா மாதிரி தோல் இளஞ்சிவப்பாக உள்ள வெள்ளைக் குதிரைகளுக்கு மூக்கும் கண்ணோரமும் வெந்தே போகும், கூடுதல் கவனம் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முதுகு நாள்கணக்கில் ஈரமாகவே இருந்தால் ஒரு பாக்டீரியா தோலில் பிடித்துக்கொள்ளும். முதுகிலும் புட்டத்திலும் ரோமம் கொத்துக் கொத்தாக, பெயின்ட் பிரஷ் நுனிபோல ஒட்டிக்கொண்டு பொருக்குத் தட்டும், பிய்த்தால் அடியில் ஈரச்சதை தெரியும். வலிக்கும், அதனால் பிய்க்காதீர்கள். உலர்வாக வையுங்கள், டாக்டர் சொல்லும் கிருமிநாசினியால் ஊறவைத்துக் கழுவுங்கள், அதன் பிரஷைத் தனியாக வைத்துவிடுங்கள்.

முன்னங்கால் ரோமத்தில் இளமஞ்சளாக, எள்ளைவிடச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பது ஒருவகை ஈயின் முட்டை. குதிரை நக்கும்போது வயிற்றுக்குள் போய் அங்கே புழுவாகத் தங்கும். மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். உண்ணிக்கு மாட்டின்மேல் அடிக்கிற அமிட்ராஸ் மருந்தைக் குதிரைக்கு அடிக்கவே கூடாது, குடல் அசைவை நிறுத்திக் கோலிக் வரவைக்கும். மருந்துக்கடையில் "இது எல்லாத்துக்கும் போடலாம்" என்பார்கள், பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

சந்தை, ஊர்வலம், போட்டி நாள்

முதல் நாள் குளிப்பாட்டி, அன்றைக்குக் காலையில் வழக்கமான தேய்ப்பு, கடைசியில் லேசாக ஈரப்படுத்திய துணியால் ஒரே திசையில் துடைத்தால் போதும். ஆசைக்கு ஸ்ப்ரே அடிப்பதானால் சேணம் உட்காருகிற இடத்திலும் வார் சுற்றுகிற இடத்திலும் மட்டும் படக்கூடாது, சேணம் நழுவி நீங்கள் கீழே கிடப்பீர்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு இதிலேயே ஒரு யோசனை: பையில் ஒரு வெள்ளைத் துணி வைத்துக்கொண்டு, மினுங்குகிற குதிரையின் விலாவில் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி பிசுபிசுவென்று வந்தால் அது பாட்டில் எண்ணெய், ரோமத்தைப் பிரித்து அடித்தோலைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

இரண்டு மாதமாகியும் மாறவில்லை என்றால்

அப்போது இது தீனி விஷயமில்லை. விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம், ஈறு வெளுத்தல் எல்லாம் சேர்ந்து வந்தால் மாட்டு ஈ பரப்பும் சர்ரா என்கிற நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். குதிரையின் சாதாரண உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட், காலையும் மாலையும் ஒரு வாரம் எடுத்து எழுதிவைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். தோலில் வரிசையாக முடிச்சு முடிச்சாகக் கிளம்பி உடைந்து சீழ் வந்தால் தொடாமல் உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் என்கிற நோய் அப்படி வரும், மனிதர்களுக்கும் தொற்றும், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது. பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைக்கு ரோமம் உதிராமல் நீளமாகவும் சுருளாகவும் வளர்ந்துகொண்டே போனால், மூளையடிச் சுரப்பியில் கோளாறு இருக்கலாம். குதிரை ரோமம் மாற்றுவது பகல் பொழுதின் நீளத்தை வைத்து. சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் இங்கே குளிர்கால ரோமம் என்பதே லேசாகத்தான் வரும். ஆகவே நம் ஊரில் சடை சடையாக ரோமம் தொங்கும் கிழட்டுக் குதிரையைப் பார்த்தால் "மார்கழிக் குளிர்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது தீவன மூட்டையின் லேபிளையும் கொடுக்கிற சத்து மாவு டப்பாக்களையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள், அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.